ஒட்டியிருக்கிறதா, இல்லையா

சுவருக்கும் அந்தத் திண்ணைக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. இரண்டு விரல் அகலம்தான். அந்த அம்மா உள்ளங்கையைப் பக்கவாட்டில் திருப்பி மணிக்கட்டு வரை அதற்குள் நுழைத்துக் காட்டினார். "பாருங்க சார், ஒட்டலை" என்றார். அவர் சொன்னது சரி. ஒட்டியிருக்கிறது என்று நான் சொன்னேன்.

2021 கோடையில் நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் நூற்றுக்குக் குறையாமல் ட்ரெய்லர் வீடுகளை அப்புறப்படுத்தியிருக்கிறேன், பாதி நினைவில்லை. ஒரு வீட்டுக்குள் கருஞ்சாரை மாதிரி ஒரு பாம்பு அடுப்புக்குள் சுருண்டு கிடந்தது நினைவிருக்கிறது, அது கதை சொல்லச் சௌகரியம். இந்த விஷயத்தைக் கதையாகச் சொல்லவே வரவில்லை, ஏனென்றால் இதில் யாரும் அழவில்லை, சண்டை போடவில்லை, மொத்தமும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் கிழக்குப் பக்கத்தில் இந்த வேலை எப்படி என்று தெரியாதவர்களுக்கு மட்டும் கொஞ்சம். 2008-ல் மாநிலம் போட்ட சட்டப்படி, ஆள் இல்லாமல் அல்லது பெரிய அளவில் பழுது பார்க்க வேண்டிய நிலையில் கிடந்து, ஆபத்தாகவும் ஆகிவிட்ட இந்த வகை வீடுகளைப் பிரித்து அகற்ற கவுண்டி, அதாவது நம்மூர் மாவட்ட நிர்வாகம் மாதிரி, தனியாகத் திட்டம் வைத்துக்கொள்ளலாம். ஊரில் எல்லாருக்கும் இது ட்ரெய்லர். காகிதத்தில் அப்படி இல்லை. 1976 ஜூன் 15-லிருந்து மத்திய அரசின் கட்டுமான விதிப்படி கட்டியது மேனுஃபேக்சர்ட் ஹோம், அதற்கு முந்தையது மொபைல் ஹோம். வெளிச்சுவரில், பின்பக்க ஓரமாக, சிவப்புத் தகடு அடித்திருந்தால் புதிய ரகம். அந்த வீட்டில் தகடு இல்லை.

வீடு என்று எழுதுகிறேன், ஆனால் பிறக்கும்போது அது வண்டி. அடியில் இரும்புச் சட்டம், அச்சு, சக்கரம். நம்மூர் ஆர்.சி. புக் மாதிரி வாகனத் துறை கொடுக்கும் டைட்டில் அதற்கு உண்டு. நிலம் ஒருவர் பெயரிலும் மேலே நிற்கிற வீடு இன்னொருவர் பெயரிலும் இருக்கும். இந்த வீட்டில் டைட்டில், அந்த அம்மாவின் செத்துப்போன அப்பா பெயரில். நிலம் அவருடைய தாத்தா பெயரில், வாரிசுகள் பதினோரு பேர், பாகப்பிரிவினை ஆகவில்லை. பதிவுத் தபால் மூன்று திரும்பி வந்தது. கதவில் நோட்டீஸ் ஒட்டினோம், கெடு முடிந்தது. 2016 அக்டோபர் மேத்யூ புயலில் தண்ணீர் உள்ளே வந்து அந்த அம்மாவின் தாயார் வெளியேறியவர்தான், திரும்பி வரவில்லை. 2018 செப்டம்பரில் ஃப்ளோரன்ஸ் மிச்சத்தை முடித்தது. தரை எல்லாம் மரத்தூள் பலகை, ஒருமுறை தண்ணீர் குடித்தால் டீயில் முக்கிய பொறை மாதிரி ஊதிவிடும். சமையலறையில் நான் கால் வைத்த இடத்தில் பூட்ஸ் கணுக்கால் வரை போனது. இடிக்க வேண்டிய வீடு. இதில் எனக்குச் சந்தேகம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அந்த அம்மாவுக்கும் இல்லை, அதுதான் விஷயம்.

காலை ஒன்பது மணிக்குப் பழைய கார் ஒன்றில் வந்தார். அறுபது வயது இருக்கும். தடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்து ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவர் வீட்டைப் பார்க்கவேயில்லை.

"அந்தத் திண்ணையை விட்டுட்டுப் போக முடியுமா சார்?"

திண்ணை என்பது நான் போடும் சொல், அவர் போர்ச் என்றார். பத்தடிக்கு எட்டடி மேடை, நான்கு படி, இரண்டு பக்கமும் கைப்பிடி. அவருடைய அப்பா கட்டியது. பச்சை மருந்து ஏற்றிய மரம், போல்ட் எல்லாம் துரு பிடித்திருந்தாலும் இறுக்கமாக இருந்தது. நான் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு காலைக் குத்திப் பார்த்தேன். இறங்கவில்லை. அந்த இடத்தில் கெட்டுப்போகாமல் இருந்தது அது ஒன்றுதான்.

"இணைந்திருக்கிற எல்லாம் போகணும் மேடம். உத்தரவு அப்படி."

"என்ன சொன்னீங்க?"

திரும்பச் சொன்னேன். இன்னொரு தரமும் கேட்டார். மூன்றாவது தரம் சொல்லும்போது என் குரல் உயர்ந்திருந்தது என்பது எனக்கே கேட்டது. அதன் பிறகுதான் கையை அந்தச் சந்துக்குள் விட்டுக் காட்டினார்.

இந்த வகை வீடுகளில் மேடையோ கூரையோ எதையும் சுவரில் மாட்டித் தொங்கவிடக் கூடாது, தன் காலில் நிற்க வேண்டும் என்பது பொது விதி. சுவர் அந்தப் பாரத்துக்காகக் கட்டப்பட்டதல்ல. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! அவருடைய அப்பா விதி தெரிந்து கட்டினாரா, தச்சர் புத்தியில் கட்டினாரா தெரியாது, ஆனால் சரியாகக் கட்டியிருந்தார். ஆக விதியைச் சொல்லி மறுத்த எனக்கு விதியும் துணையில்லை.

எக்ஸ்கவேட்டர் ஓட்டுபவர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். இருபது வருஷமாக இதே வேலை பார்ப்பவர், அந்தப் பக்கத்து ஆள். மேடையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "அப்படியே தூக்கி அந்த மரத்தடியில வச்சிடவா பாஸ்? பத்து நிமிஷம்" என்றார்.

வேண்டாம் என்றேன்.

இந்த "வேண்டாம்"-க்கு என்னிடம் காரணங்கள் உண்டு. வேலை முடிந்ததும் காலி மனையின் படம் எடுத்து ஃபைலில் வைக்க வேண்டும், அது இருந்தால்தான் ஒப்பந்ததாரருக்குப் பணம். படத்தில் எங்கும் போகாத நான்கு படி நின்றால் யாராவது கேட்பார்கள். ஒரு பையன் ஏறி விழுந்தால் வழக்கு. பதினோரு வாரிசில் ஒருவர் கேட்டதை வைத்து நான் முடிவெடுக்கவும் முடியாது, மற்ற பத்துப் பேருக்கு என்ன பதில்? லாரிகள் வந்துவிட்டன, குப்பைக்கிடங்கு நாலு மணிக்கு மூடிவிடும். ஒவ்வொன்றும் உண்மை. மேலதிகாரியிடம் சொன்னபோது "சரியாத்தான் செஞ்சீங்க" என்றார்.

ஆனால் அந்த நிமிடத்தில் இதில் எதுவும் என் மனதில் இல்லை. மூன்று தரம் திரும்பச் சொல்ல வைத்தார் என்பதுதான் இருந்தது. என் உச்சரிப்பு புரியாமல் கேட்டாரா, கேட்டுக்கொண்டே இருந்தால் பதில் மாறும் என்று கேட்டாரா, அது இன்று வரை எனக்குத் தெரியாது. முதலாவது என்று எடுத்துக்கொண்டேன். அதன் மேல் அந்த ஓட்டுநர் வேறு, என்னைக் கேட்காமல் இறங்கி வந்து அவர் பக்கம் நின்றார். சரி என்று சொன்னால் அவர்கள் இரண்டு பேரும் பேசி முடித்ததற்கு நான் கையெழுத்துப் போட்டது போல் ஆகியிருக்கும். இவ்வளவு சின்ன விஷயம். எழுதும்போது இன்னும் சின்னதாகத் தெரிகிறது. அப்புறம் நான் சொன்ன கடைசி வாக்கியம்: "வீடு போன பிறகு இதுவும் டெப்ரிஸ்தான் மேடம்." எங்கள் படிவங்களில் குப்பை என்ற சொல்லே கிடையாது, எல்லாம் டெப்ரிஸ். அந்தச் சொல்லை மட்டும் அவர் திரும்பக் கேட்கவில்லை.

காரில் போய் உட்கார்ந்தார். கிளம்பவில்லை.

மற்ற வேலை எப்போதும் போல. முந்தைய நாளே ஃபிரிட்ஜின் வாயுவை எடுத்தாயிற்று, பாதரசத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றியாயிற்று. டயர்களைத் தனியாகப் போட்டார்கள், முழு டயரும் ஃபிரிட்ஜும் இங்கே கிடங்கில் புதைக்கக் கூடாது. அலுமினியத் தகடு ஒரு குவியல். கூரை உள்ளே இறங்கியதும் சுவர்கள் அட்டைப்பெட்டி மாதிரி மடிந்தன, நாற்பது நிமிடம். ஒரு குடும்பம் முப்பது நாற்பது வருஷம் குடியிருந்த வீட்டுக்கு அவ்வளவுதான் நேரம். காரைக்குடியில் ஒரு வீட்டைப் பிரித்தால் தூண், நிலை, கதவு என்று கடையில் விற்கிறார்கள். இங்கே மிஞ்சுவது அடிச்சட்டத்து இரும்பு, அதையும் கேஸ் கட்டரால் துண்டு போட்டால்தான் லாரியில் ஏறும்.

மேடையைக் கடைசியாக வைத்திருந்தார் ஓட்டுநர். வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன். தூக்கியபோது நான்கு காலும் கான்கிரீட் உருண்டைகளோடு பல் பிடுங்கியது போல முழுசாக வந்தது. லாரிப் பெட்டியில் வைத்தால் கைப்பிடி மேலே நீட்டிக்கொண்டு நின்றது, தார்ப்பாய் மூட முடியவில்லை. எக்ஸ்கவேட்டர் வாளியால் ஒரு அழுத்து அழுத்தினார், வளைந்தது. இரண்டாவது அழுத்தலிலும் உடையவில்லை. என் பக்கம் பார்த்தார், நான் ஃபோனைப் பார்த்தேன். மூன்றாவதில் உடைந்தது.

அந்த வாரம் அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். "வீடே போகுதுன்னா திண்ணைய வச்சுக்கிட்டு என்னடா பண்ணுவா?" என்று கேட்டாள். ஆறுதலாகத்தான் கேட்டாள். எனக்கும் ஒரு நாள் ஆறுதலாக இருந்தது. அப்புறம் யோசித்தேன், அந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்டிருக்கலாம். இன்னொரு ட்ரெய்லர் வாங்கி அதே இடத்தில் வைக்கிற யோசனையா, அவருடைய வீட்டுக்குத் தூக்கிப் போகவா, அல்லது மாலையில் வந்து உட்காரவா. என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்க ஒரு வாக்கியம் போதும், அதை அவர் எத்தனை தரம் திரும்பச் சொல்ல வைத்தாலும்.

இதோடு நிறுத்தினால் நான் திருந்திய கதை ஆகிவிடும். அப்படி நடக்கவில்லை. அடுத்த வருஷம் வேறொரு மனையில் மகன் ஒருவர் அப்பாவின் சக்கர நாற்காலிக்காகப் போட்ட சாய்வுமேடையைக் கேட்டார். சரி என்றேன், முகம் கொள்ளாச் சந்தோஷம் எனக்கு. ரெண்டு வாரத்தில் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். ஏழு மாதம் ஆயிற்று. புல் முளைத்து, குளவி கூடு கட்டி, பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு முறை புகார் கொடுத்து, கடைசியில் நானே வண்டி பிடித்து அனுப்பினேன், அந்தச் செலவுக்குத் தலைப்புத் தேட ஒரு நாள் ஆனது. மகன் ஃபோனை எடுக்கவில்லை. அந்தச் சாய்வுமேடை வண்டியில் ஏறும்போது எனக்கு வந்த எண்ணம், அன்றைக்கு மறுத்தது சரிதான் போலிருக்கிறது என்பது. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி பிடிக்கவில்லை. ஒரு ஆள் வாக்குத் தவறியதை வைத்து இன்னொரு ஆளுக்கு நான் சொன்னதைச் சரியாக்கிக்கொள்கிறேனே என்று பட்டது, அப்படிப் பட்டாலும் நிம்மதி போகவில்லை.

இப்போது யாராவது கேட்டால் என்ன செய்கிறேன்? ஆளைப் பார்த்துச் செய்கிறேன். அதுவும் நல்ல வழி இல்லை என்று தெரியும். யார் புரியும்படி பேசுகிறார்களோ, யார் ஒரே தரத்தில் கேட்டுக்கொள்கிறார்களோ அவர்களுக்கு ஆகிறது.

அந்த ஃபைலை போன மாதம் வேறு காரணத்துக்காகத் திறந்தேன். இடிப்பதற்கு முன் எடுத்த படங்களில் ஒன்று பக்கவாட்டில் எடுத்தது, காலை வெயில் பின்னாலிருந்து வருகிறது. சுவருக்கும் மேடைக்கும் நடுவில் மேலிருந்து கீழ் வரை வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிகிறது. படத்தைப் பெரிதாக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. படத்துக்குக் கீழே என் கையெழுத்தில்: "மர மேடை, வீட்டோடு இணைந்தது."