மூணு பேப்பர் பிரதமர்

லண்டன் வந்து ரெண்டாவது மாசம். வேலை வாங்கித் தர்ற ஏஜென்சில ஒரு அம்மா என் சி.வி.யை வாங்கி, பிளஸ் டூ மார்க்கை பேனாவால சர்ருன்னு அடிச்சிட்டாங்க. "இதை யாரும் பாக்க மாட்டாங்க"ன்னு சிரிப்பு வேற. 1,200-க்கு 1,114ங்க அது! எங்கப்பா அந்த நம்பரை துண்டுச்சீட்டுல எழுதி சட்டைப்பையில வச்சுக்கிட்டு, மேலூர் பஸ்ல கண்டக்டர் வரைக்கும் காட்டினவரு, கண்டக்டரும் சில்லறையை எண்ணிக்கிட்டே "சபாஷ்"னுட்டு போனாரு.

பிரிக்ஸ்டன்ல வீட்டுக்கார தாத்தாகிட்ட புலம்புனேன். டீயில ஃப்ரிட்ஜ் பாலை அப்படியே ஜில்லுன்னு ஊத்திக்கிட்டே (இதை நினைச்சு தனியா அழணும்) "நம்ம ஜான் மேஜர் கதை தெரியுமா உனக்கு?"ன்னாரு.

பிரிட்டன் பிரதமர்னா நமக்கு தாட்சரைத் தெரியும், அடுத்து வந்த இந்த மேஜரை யாரு ஞாபகம் வச்சிருக்கா! சர்க்கஸ், நாடக மேடைன்னு திரிஞ்சவரோட பையன். அப்பா அப்புறம் தோட்டத்து பொம்மை செஞ்சு வித்தாரு, அதுவும் நொடிச்சுப்போக குடும்பமே இதே பிரிக்ஸ்டன்ல கோல்டுஹார்பர் லேன்ல வாடகை ரூமுக்கு வந்துருச்சு. 16 வயசுல ஸ்கூலை விட்டப்ப பாஸானது மூணே மூணு பேப்பர். பஸ் கண்டக்டர் வேலை கேட்டும் கிடைக்கல. நம்மூர்ல கண்டக்டரா இருந்தவரு சூப்பர்ஸ்டார் ஆனாரு, இங்க கண்டக்டர் வேலைகூட கிடைக்காதவரு பிரதமர்!

மார்க்கெட்ல பெட்டி மேல ஏறி நின்னு கட்சிக்காக பேசுவாராம். 1968-ல பிரிக்ஸ்டன் இருக்கற லாம்பெத் பகுதிக்கு கவுன்சிலர், 1979-ல எம்.பி., 1989-ல ஒரே வருஷத்துல வெளியுறவு, நிதின்னு ரெண்டு பதவி, 1990 நவம்பர்ல பிரதமர், அப்ப வயசு 47. 1992 தேர்தல்ல தோத்துருவாருன்னு எல்லாரும் சொல்ல, மறுபடி பெட்டி மேல ஏறி பேசி ஜெயிச்சாரு, கட்சிக்கு ஒரு கோடியே நாப்பது லட்சம் ஓட்டு. ஆட்சி நல்லாருந்துச்சான்னு கேட்டா நான் சொல்ல மாட்டேன். அந்த செப்டம்பர்லயே பவுண்டு கவுந்துச்சு, அதைத் தாங்கிப் பிடிக்க ஒரே நாள்ல வட்டியை 10 சதவீதத்துலேர்ந்து 12-க்கு ஏத்தி, 15-ன்னு வேற அறிவிச்சும் நிக்கல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 1997 தான். கட்சி ஜெயிச்சது வெறும் 165 சீட்டு, படுதோல்வி. மறுநாள் ராஜினாமா பண்ணிட்டு நேரா ஓவல் மைதானத்துக்கு கிரிக்கெட் பாக்கப் போயிட்டாரு! நம்மூர்ல தோத்த தலைவர் வீட்டு வாசல் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும்ல.

இப்ப நானும் செட்டில் ஆயிட்டேன். வேலை இருக்கு, சி.வி.ல மார்க் இல்ல, ஜில் பால் டீ கூட பழகிருச்சு. கோல்டுஹார்பர் லேன்ல பஸ் ஏறுனா கார்டை மெஷின்ல தட்டுனா போதும், கண்டக்டரே கிடையாது. ஒவ்வொரு தடவையும் அந்த பீப் சத்தம் கேட்கறப்ப சபாஷ் ஞாபகம்தான் வருது. மார்க்‌ஷீட் லேமினேஷனோட சூட்கேஸ் அடியிலயே கெடக்கு, தூக்கிப்போட மனசு வரல.

ஞாயித்துக்கிழமை ஃபோன்ல அப்பாகிட்ட இந்தக் கதையை சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "கணக்குல எவ்வளவாம்?"ன்னாரு.

"அப்ப கணக்குல பாஸாகலப்பா, அப்புறம் தபால்ல படிச்சுதான் பாஸ் பண்ணாரு."

"பாத்தியா"ன்னாரு.