கருங்கல் சுவரில் ஒரு சிக்குக் கோலம்: பயிற்சி நாட்குறிப்பு

ஜூலை 27, ரோஸ் ஹில்

குளிர்கால விடுமுறை விட்டாச்சு, இன்றைக்குப் பயிற்சியும் தொடங்கியாச்சு. பள்ளியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறவளுக்குப் புரொஜெக்ஷன் மேப்பிங் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். சுவர், பெட்டி என்று ஒரு பொருளின் வடிவத்துக்கே பொருத்திப் புரொஜெக்டரால் படம் போடும் கலை அது. எனக்கு ஆசை ஒன்றுதான். மொரிஷியஸில் தமிழ் எழுத்து ரூபாய் நோட்டில் இருக்கிறது, கோவிலில் இருக்கிறது, என் கரும்பலகையில் இருக்கிறது. இரவில் ஒரு பெரிய சுவர் முழுக்க வெளிச்சமாக நின்று நான் பார்த்ததில்லை, அதைப் பார்க்க வேண்டும்.

சொல்லித்தருகிறவர் பக்கத்துத் தீவான ரீயூனியன்காரர். பிரெஞ்சும் கிரியோலும் கலந்து பேசுகிறார். முதலில் அவர் சொன்னது 1980-இல் மைக்கேல் நைமார்க் என்ற கலைஞர் செய்த வேலையைப் பற்றி. ஒரு வீட்டுக்கூடத்தின் நடுவில் மெதுவாகச் சுழலும் கேமராவை வைத்து, அங்கிருந்த ஆட்களையும் சாமான்களையும் படம் எடுத்திருக்கிறார். அப்புறம் நாற்காலி, மேஜை என்று கூடம் முழுக்க வெள்ளைச் சாயம் அடித்து, கேமரா இருந்த அதே இடத்தில் புரொஜெக்டரை வைத்துச் சுழலவிட்டிருக்கிறார். வெள்ளையான கூடத்தில் ஒவ்வொரு சாமானின் நிறமும் அதனதன் மேலேயே திரும்ப வந்து உட்கார்ந்ததாம். ஆனால் மனிதர்கள் மட்டும் தட்டையாக, ஆவி மாதிரி சுவரில் ஊர்ந்திருக்கிறார்கள், ஏனென்றால் சாமான் இருந்த இடத்திலேயே இருந்தது, ஆட்கள் இல்லை. இந்தக் கலையின் பாதி இதற்குள்ளேயே அடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜூலை 28

வெள்ளை அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்து நாள் முழுக்கப் பழகினோம். புரொஜெக்டரிலேயே படத்தை நேராக்கும் வசதி ஒன்று உண்டு, அதை முதலில் அணைக்கச் சொன்னார். அது பிக்சலை வீணாக்கும், வளைப்பதெல்லாம் கணினியில்தான் நடக்க வேண்டும். பெட்டியின் ஒரு பக்கத்துக்கு நான்கு மூலை, அந்த நான்கு புள்ளியையும் இழுத்துக்கொண்டுபோய் அட்டையின் மூலையில் வைக்க வேண்டும். வளைந்த பொருள் என்றால் வலை மாதிரி வரிசையாகப் புள்ளிகள் வரும், ஒவ்வொன்றையும் தனித்தனியாக நகர்த்தலாம். திரையில் அந்தப் புள்ளி வரிசையைப் பார்த்ததும் பொங்கலன்று என் ஆயா (பாட்டி) வாசலில் குனிந்து புள்ளி வைப்பது ஞாபகம் வந்தது. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். "எங்க வீட்டிலயும் வைப்பாங்க அக்கா" என்றாள்.

ஜூலை 29

இன்று கணக்கு. எங்கள் புரொஜெக்டரின் வெளிச்சம் 5000 லூமென், த்ரோ ரேஷியோ (படத்தின் அகலத்தைப் போல எத்தனை மடங்கு தூரம் வேண்டும் என்பது) 1.5. அதாவது 8 மீட்டர் அகலப் படம் வேண்டுமானால் 12 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். 4 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் என்றால் 10 சதுர மீட்டர், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 500 லூமென் கிடைக்கும். அகலத்தை 8 மீட்டராக்கினால் உயரமும் 5 ஆகிவிடும், 40 சதுர மீட்டர், கிடைப்பது 125 மட்டுமே. படத்தின் அகலம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடுகிறது.

இன்னொன்று, புரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது. கறுப்பு என்று நாம் வைக்கும் இடத்தில் அது வெளிச்சம் போடாமல் இருக்கப் பார்க்கிறது, அவ்வளவுதான். அப்போதும் கொஞ்சம் கசியும். இருட்டறையில் படத்தைச் சுற்றி ஒரு சாம்பல் செவ்வகம் தெரிந்தது, லென்சுக்கு முன்னால் அட்டையை வெட்டிப் பிடித்துத்தான் அதை மறைத்தோம்.

ஜூலை 30, மோக்கா பக்கம்

இன்றுதான் உண்மையான சுவரைப் பார்த்தோம். பழைய சர்க்கரை ஆலை ஒன்றின் இடிபாடு, புகைபோக்கி இன்னும் நிற்கிறது. எல்லாம் இந்தத் தீவின் எரிமலைக் கருங்கல். ஆறு மணியோடு இருட்டிவிட்டது. நான் வீட்டிலிருந்து ஆசை ஆசையாகச் செய்துகொண்டுபோன மயிலை, பச்சை, நீலம், ஊதா எல்லாம் சேர்த்து, சுவர் முழுக்கப் போட்டேன். ஒன்றும் இல்லை. கல் அப்படியே விழுங்கிவிட்டது. தோகை இருக்கவேண்டிய இடத்தில் ஈரத்துணி காய்ந்த மாதிரி ஏதோ ஒரு கறை. அழுகை வந்துவிட்டது, சொல்லத்தான் வேண்டும். அட்டைப்பெட்டியில் அவ்வளவு அழகாக இருந்த படம் அது.

காவலுக்கு இருக்கும் பெரியவர் நம்மவர். பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, "கல்லு மேல ஒண்ணும் காணோம்மா. நடுவுல இருக்கிற சுண்ணாம்புதான் பளிச்சுன்னு இருக்கு" என்றார். கிட்டப் போய்ப் பார்த்தேன். ஆமாம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் பூசிய சுண்ணாம்புக் காரை, ஒரு விரல் அகலம், வெளுத்துப்போய், வெளிச்சம் பட்ட இடமெல்லாம் மின்னிக்கொண்டிருந்தது.

ஜூலை 31

இரவு தூக்கமில்லை. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாது, சுற்றிச் சுற்றித்தான் போகும். இந்தச் சுவரில் கருங்கல்லெல்லாம் புள்ளி, காரை போகும் வழியெல்லாம் கோடு. நான் எதையும் புதிதாக வரைய வேண்டாம், கட்டினவர்கள் ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கிறார்கள்! காலையில் போனதும் சொன்னேன். பயிற்சியாளர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, மயிலை விட்டுவிடு என்றார்.

பகலில் எழுத்து வேலை. "கொண்டு" என்று அடித்தால் மென்பொருளில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ஒரு புள்ளிவட்டம் என்று உடைந்து வந்தது. ஒரு தமிழ் எழுத்து இப்படிச் சிதறிக் கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளில் எழுதி, எழுத்தை வெறும் உருவமாக மாற்றி, படமாகக் கொண்டுவந்தால் சரியாக நிற்கிறது. தமிழில் இதைச் செய்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், எனக்கு இரண்டு மணிநேரம் போனது.

ஆகஸ்ட் 1

சுவரை அளக்க இரண்டு வழி. கறுப்பு வெள்ளைக் கோடுகளை மாற்றி மாற்றிப் போட்டு, கேமரா ஒவ்வொரு கோட்டையும் படித்து எந்தப் பிக்சல் எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்கும் முறை ஒன்று. புரொஜெக்டரின் 1920 பிக்சல் நெடுவரிசையையும் பிரித்தறிய 11 படம் போதும், ஏனென்றால் 2-ஐ 11 முறை பெருக்கினால் 2048. கேட்கவே அழகாக இருந்தது, ஆனால் இந்தக் கருங்கல்லில் கேமராவுக்குக் கோடு சரியாகப் பிடிபடவில்லை.

அதனால் இரண்டாவது வழி, கையால். புரொஜெக்டரை 12 மீட்டர் தள்ளி நிறுத்தி, கணினியில் வெற்றுப் பக்கத்தைத் திறந்து, சுவரைப் பார்த்தபடியே மவுஸால் வரைவது. நான் இழுக்கும் கோடு அங்கே காரையின் மேல் நேராக ஓடுகிறது. ஒரு பிக்சல் சுவரில் 4 மில்லிமீட்டர் சொச்சம், காரை 2 சென்டிமீட்டர், ஆக எனக்கு இருப்பது ஐந்து பிக்சல் அகலத் தடம். கோணலான கல், உடைந்த கல், ஓரத்தில் பாசி பிடித்த கல் என்று ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தேன். நான்கு மணிநேரத்தில் பாதிச் சுவர்தான் முடிந்தது. கை விறைத்துப்போனது, மோக்கா குளிர் அப்படி.

1730-களில் லபூர்தொன்னே ஆளுநராக இருந்தபோது போர்ட் லூயியைக் கட்டப் புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் வந்தார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். 1834 முதல் 1920 வரை இந்தியாவிலிருந்து ஐந்து லட்சம் பேருக்கு நெருக்கமாக ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தார்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். இந்தச் சுவரை யார் கட்டியது என்று எங்கேயும் எழுதியில்லை. ஆனால் இன்றைக்கு அவர்கள் கரண்டி போன வழியிலேயே என் கையும் போனது.

ஆகஸ்ட் 3

நேற்று யாரோ முக்காலியில் இடித்துவிட்டார்கள். ஒரு டிகிரி திரும்பினாலே 12 மீட்டரில் 20 சென்டிமீட்டர் தள்ளிப்போய்விடும், அதாவது கோடெல்லாம் கல்லின் மேல் ஏறி மறைந்துவிட்டது. முழுவதையும் ஒன்றாக நகர்த்தித்தான் திரும்பப் பொருத்தினேன். இப்போது முக்காலியின் மூன்று காலடியிலும் சாயத்தால் குறி, மேலே மணல்மூட்டை.

அப்புறம் மழை. நனைந்த கல் இன்னும் கறுத்தது, அதன் நடுவில் கோடு முன்பைவிட எடுப்பாகத் தெரிந்தது. புரொஜெக்டருக்குக் குடை கட்டினோம், பின்பக்கம் காற்றுப்போக வழி விட்டு.

ஆகஸ்ட் 5

இன்று மக்களுக்குக் காட்டினோம். என்னுடையது மூன்றே நிமிடம். இருட்டில் இடது அடிமூலையில் ஒரு வெளிச்சப் பொட்டு எழுந்து, காரையின் வழியே மெதுவாக ஓடி, கல் கல்லாகச் சுற்றி மேலே போகும். கடைசியில் வாசலுக்கு மேலே, சுண்ணாம்புப் பூச்சு மிச்சமிருக்கிற ஒரு துண்டில் மட்டும், "கல்" என்று எழுத்து வரும். அவ்வளவுதான் எழுத்து. முழுச் சுவரும் தமிழ் என்று நினைத்து வந்தேன், சுவர் கொடுத்த இடம் அவ்வளவு.

ஆயாவை அண்ணன் காரில் கூட்டிவந்தான். நாற்காலியில் சால்வையோடு உட்கார்ந்து இரண்டு முறை பார்த்தது. எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது என் கையைப் பிடித்து இழுத்து, "வலது பக்கம், அந்த உடைஞ்ச கல்லு இருக்கு பாரு, அதுங்கிட்ட இழை அறுந்து நிக்குது. கோலத்த அப்படி விடக்கூடாது கண்ணு" என்றது. பார்த்தேன். பின்னாளில் யாரோ சிமெண்ட் வைத்து அடைத்த இடம், அங்கே காரை இல்லை, அதனால் நானும் கோட்டை நிறுத்திவிட்டிருந்தேன். கணினியைத் திறந்து, சிமெண்டுக்குக் கீழே அடுத்த வரிசைக் காரை வழியாகக் கோட்டை வளைத்துக் கொண்டுவந்து சேர்த்து, மறுபடி ஓடவிட்டேன். ஆயா விரலை நீட்டி, கோடு போகிற வழியெல்லாம் காற்றில் கூடவே இழுத்துக்கொண்டு வந்தது.