மண்டப அட்வான்ஸைத் திரும்ப வாங்கிய அனுபவம்

தங்கச்சி கல்யாணத்துக்கு மதுரையில் மண்டபம் பிடித்தது 2019 நவம்பரில். 2020 ஏப்ரல் கடைசி வாரம், சித்திரை முகூர்த்தம். நல்ல முகூர்த்தத்தில் மண்டபம் கிடைப்பது எவ்வளவு பாடு என்று பெண் வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். அப்பா ஏலச்சீட்டை எடுத்துக் கட்டிவிட்டு வந்தார். வாடகை அட்வான்ஸ் 75,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 13,500, காஷன் டெபாசிட் 20,000. ஆக 1,08,500 ரூபாய்க்கு ஒரு மஞ்சள் ரசீது. அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘அட்வான்ஸ் தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது.’ அன்றைக்கு அதை நாங்கள் யாரும் படிக்கவில்லை.

கொரோனாவால் மார்ச் 24 மாலை 144 தடை, மறுநாளிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. ஏப்ரல் 14 வரை என்றார்கள், அப்புறம் மே 3 வரை நீண்டது. மண்டபத்துக்குப் பூட்டு. பத்திரிகை கொடுத்து முடித்திருந்த வீடுகளுக்கெல்லாம் அம்மா ஒவ்வொன்றாக ஃபோன் போட்டுச் சொன்னார். மே மாதம் மாப்பிள்ளை வீட்டார் தஞ்சாவூரிலிருந்து இ-பாஸ் வாங்கி இரண்டு காரில் வந்தார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் பதினெட்டுப் பேர் முன்னால் தாலி கட்டு நடந்தது.

அதற்குப் பிறகுதான் பணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். “மண்டபம் திறக்கட்டும் சார், பேசிக்கலாம்” என்றே மேனேஜர் நான்கைந்து மாதம் ஓட்டினார். பிறகு, ஒரு வருடத்துக்குள் வேறு தேதி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கல்யாணமே முடிந்துவிட்டதே என்று அப்பா சொன்னதற்கு, “வளைகாப்பு வைப்பீங்கல்ல சார், அதுல கழிச்சுக்கலாம்” என்று பதில் வந்தது. அப்பா ஃபோனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

இதே சமயத்தில் மற்ற அட்வான்ஸ்களும் இருந்தன. நாதஸ்வரக் கோஷ்டிக்குக் கொடுத்த 5,000 ரூபாயை நாங்கள் கேட்கவே இல்லை. பங்குனி, சித்திரை, வைகாசி என்று அந்த வருட முகூர்த்தமெல்லாம் கைவிட்டுப்போன குடும்பம் அது. சமையல் மாஸ்டர் தானாகவே வீட்டுக்கு வந்து, 15,000 ரூபாயில் 10,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். மீதியை இரண்டு கையாள்களுக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி, அவர்கள் பெயர் எழுதியிருந்த சின்ன நோட்டையும் காட்டினார். மண்டபத்திடம் என்ன கேட்க வேண்டும் என்பது அந்த நோட்டைப் பார்த்ததும் எனக்குத் தெளிவானது. எங்கள் தேதிக்காக என்ன செலவு செய்தீர்கள்? அதைக் காட்டுங்கள், மீதியைக் கொடுங்கள். அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கறிஞர் இருக்கிறார். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56, 65 பிரிவுகளை அவர்தான் விளக்கினார். இரு தரப்பு கையிலும் இல்லாத காரணத்தால் ஒப்பந்தத்தை நிறைவேற்றவே முடியாமல் போனால் அது செல்லாததாகிவிடும். அப்படி ஆன பிறகு, அதன்பேரில் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். நாமாக மனம் மாறி ரத்து செய்திருந்தால் கதை வேறு. அப்போது 74ஆம் பிரிவு வரும், நியாயமான இழப்பீட்டை அவர்கள் பிடித்துக்கொள்ளலாம். எங்கள் விஷயத்தில் மண்டபத்தை அவர்களாலும் தர முடியவில்லை, எங்களாலும் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

நவம்பரில் கடிதம் எழுதினேன். 1,08,500 என்று ஒரே தொகையாகக் கேட்காமல் மூன்றாகப் பிரித்துக் கேட்டேன். காஷன் டெபாசிட் என்பது நாற்காலி உடைந்தால், பாத்திரம் தொலைந்தால் கழித்துக்கொள்ளும் பணம். நாங்கள் உள்ளேயே போகாதபோது அதை வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை. ஜிஎஸ்டி பற்றி “அது கவர்மெண்டுக்குப் போயிடுச்சு” என்று மேனேஜர் சொல்லியிருந்தார். சித்தப்பா மகன் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறான், அவனிடம் கேட்டேன். அட்வான்ஸ் வாங்கிய பிறகு சேவை நடக்காமலே போய், இன்வாய்ஸும் போடாமல் இருந்தால், ரீஃபண்ட் வவுச்சர் போட்டுக் கட்டிய வரியைச் சரிசெய்துகொள்ள ஜிஎஸ்டி சட்டத்திலேயே வழி இருக்கிறது என்றான். அதையும் ஒரு வரியில் சேர்த்தேன். ஒப்புதல் அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மண்டப முத்திரையோடு அட்டை திரும்பி வந்தது. இரண்டு வாரத்தில் 20,000 அப்பா கணக்குக்கு வந்துவிட்டது. மீதிக்குப் பதில் இல்லை.

2021 ஜனவரியில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்தோம். புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்திருந்தது. நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போய்விட வேண்டும், அது முக்கியம். புகாரைத் தமிழிலேயே எழுதினேன். ரசீது, கல்யாணப் பத்திரிகை, ஒப்புதல் அட்டை எல்லாவற்றுக்கும் நகல் வைத்தேன். அதோடு வாட்ஸப் செய்திகள். மேனேஜரிடம் ஃபோனில் பேசி முடித்ததும் ‘இன்று நீங்கள் சொன்னது இது’ என்று ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு செய்தி போட்டு வைத்திருந்தேன். வளைகாப்பு பற்றிச் சொன்னதும் அதில் தேதியோடு இருந்தது. வாய்ப்பேச்சாக மட்டும் விட்டிருந்தால் பாதி விஷயத்தை மறுத்திருப்பார்கள்.

இரண்டாவது அலையில் எல்லாம் நின்றுபோனது. ஆகஸ்டில் மறுபடி அழைத்தபோது மண்டபத்தின் வக்கீல் சமரசம் பேச வந்தார். சொத்து வரி, மின்கட்டணம், வாட்ச்மேன் சம்பளம் என்று ஒரு கணக்கு காட்டினார். அந்தக் கஷ்டம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது பூட்டிக் கிடந்த ஒரு வருடத்துச் செலவு. எங்கள் ஒரு தேதிக்கான செலவு என்று அதில் ஒரு வரி கூட இல்லை. இதைச் சொன்னதும் அவர் மேற்கொண்டு வாதாடவில்லை. 88,500 ரூபாயில் 80,000 தருவதாகச் சொன்னார்கள், ஒத்துக்கொண்டோம். மன உளைச்சலுக்குக் கேட்டிருந்த இழப்பீட்டையும் விட்டுக்கொடுத்தோம். எதற்கு விட்டாய் என்று நண்பர்கள் திட்டினார்கள். அந்த வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்து பெயர் கூப்பிடுவதற்காக அப்பா காத்திருந்ததைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

செப்டம்பரில் கூட்டு மனுவில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். அசல் ரசீதைத் திருப்பிக் கேட்டார்கள். கல்யாணப் பத்திரிகை உறைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த அந்த மஞ்சள் தாளை அப்பா எடுத்து, பின்பக்கம் ‘80,000 பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மதியம் டிடியைப் பேங்கில் போட்ட பிறகுதான் சாப்பிடவே உட்கார்ந்தார்.