ரூஃப் துணி: சித்திரை நாட்குறிப்பு

ஏப்ரல் 14, 2024, ஞாயிறு

காரின் பின் சீட்டுக்கு மேலே ரூஃப் துணி ஒரு சாண் தொங்குகிறது. குண்டூசி குத்தி நிறுத்தியது நாலு நாள் தாங்கியது. எல்லோரும் பசை விட்டுவிட்டது என்கிறார்கள். கூரைத் தகட்டுக்குக் கீழே துணியைத் தாங்கும் அட்டையோடு பசை அப்படியேதான் இருக்கிறது. துணியின் முதுகில் ஒட்டிவரும் 3 மி.மீ. பஞ்சுதான் வெக்கையிலும் ஈரத்திலும் மக்கிப் பொடியாகிவிட்டது. ஊசியால் பசை ஏற்றினாலும் பொடியின் மேல் எந்தப் பசை நிற்கும்? அட்டையை முழுசாக வெளியே எடுத்தே ஆக வேண்டும்.

அம்பாசிடர் என்றால் இந்தத் தொல்லை இல்லை. அதில் ரெக்சினைக் கம்பிகளில் கோத்துத் தொங்கவிட்டு ஓரத்தை மட்டும் ஒட்டியிருப்பார்கள்.

ஏப்ரல் 15

அம்மாவை வண்டியில் ஏற்றும் தேதியை இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்கியாயிற்று. சன் வைசர், டோம் லைட், கைப்பிடிகள், கதவோர ரப்பர் பீடிங், பிறகு பில்லர் டிரிம், அதாவது கூரையைத் தாங்கும் தூண்களை மூடும் பிளாஸ்டிக். பில்லரைக் கீழிருந்து நெம்பக்கூடாது. மேல் ஓரத்தில் விரல் நுழைத்து கிளிப்புக்கு நேராக இழுத்தால் வந்துவிடும். ஆறு கிளிப்பில் இரண்டு உடைந்தன. இந்த வயதில் அந்தப் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரிதான், புதுசு பத்து வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. பில்லரிலோ ரூஃப் ஓரத்திலோ ஏர்பேக் இருக்கும் வண்டியில் வீட்டில் கை வைக்கவே வேண்டாம். இதில் இல்லை.

டோம் லைட் ஒயர் அட்டையின் முதுகில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறது. அதைக் கவனிக்காமல் இழுத்தால் கனெக்டர் கையோடு வரும். முன் சீட்டின் தலையணையை எடுத்துவிட்டு, சீட்டை முழுக்கச் சாய்த்து, அட்டையைப் பின் கதவு வழியாக இரண்டு பேர் பிடித்து எடுத்தோம். ஒரு ஆள் எடுத்தால் நடுவில் வளைந்து மடிப்பு விழும். மடிந்த இடம் புதுத் துணியிலும் கோடாகத் தெரியும்.

இடது பின் கைப்பிடியின் போல்ட் இரண்டையும் தனிக் கவரில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருக்கிறது. அம்மா பிடித்து ஏறுவது அதைத்தான்.

ஏப்ரல் 17

காலை முழுக்கச் சுரண்டல். பழைய துணி கிழிக்காமலே உரிந்து வந்தது. அதன் அடியில் பஞ்சு ஆரஞ்சு நிறத்தில், வறுத்த ரவை மாதிரி. விரலால் தொட்டால் தூள், தேய்த்தால் பிசுக்கு. துணி துவைக்கிற நைலான் பிரஷ்தான் சரி. கம்பி பிரஷ் அட்டையின் மேல் தோலைக் கிழித்துவிடும். தண்ணீர் ஆகவே ஆகாது, அட்டை ஊறினால் உருவம் போய்விடும். முகக்கவசம் கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் காற்றுக்கு முதுகு காட்டி நின்று தேய்க்க வேண்டும்.

நடுவில் ஒரு பகுதியில் இரண்டு அடுக்குப் பஞ்சு. போன முறை கடையில் பழைய பஞ்சைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். கோபம் வருகிறது. இரண்டு மணி நேர வேலையை மிச்சம் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் தூள் ஒட்டக்கூடாது. மூன்று முறை தேய்த்தும் ஒட்டுகிறது.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போடும் நாள். கடைகள் அடைப்பு. வைசர் பக்கத்து விரிசலுக்கு அட்டையின் முதுகில் ஃபைபர் பாய் வைத்து ரெசின் பூசியது. முகப்பில் வைத்தால் மேடு தெரியும்.

ஏப்ரல் 20

துணி வாங்கியது. விளக்குத்தூண் பக்கம் அழகழகான துணி இருக்கிறது, ஆனால் முதுகில் பஞ்சு இல்லாத துணி இதற்கு ஆகாது. பசை ஊறி முகப்பில் கறை தெரியும், அட்டையின் ஒவ்வொரு கீறலும் தெரியும். சீட் கவர் சாமான் விற்கும் கடையில் பஞ்சு ஒட்டிய ரூஃப் துணி என்று கேட்டு வாங்க வேண்டும். டேப்பை அட்டையின் மேல் விறைப்பாகப் பிடித்து அளக்காமல் பள்ளத்துக்குள் அமுக்கி அளந்து, நாலு பக்கமும் 5 செ.மீ. கூட்டி, இரண்டரை மீட்டர். எந்தப் பக்கம் அதிகம் இழுபடுகிறதோ அதை வண்டியின் அகலத்துக்கு வைக்க வேண்டும்.

சூடு தாங்கும் ரப்பர் சொல்யூஷன், அதாவது பசை, ஒரு லிட்டர். சின்ன டப்பாவில் வரும் சாதாரண ஸ்ப்ரே பசை கைவேலைக்குச் சரி, மதுரை வெயிலில் நிற்கும் கூரைக்கு ஆகாது. நேற்று மதியம் கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் தொங்கவிட்ட வெப்பமானி 58 டிகிரி காட்டியது. தகடு அதைவிடச் சூடு.

ஏப்ரல் 22, திங்கள்

அழகரை வரவேற்கும் எதிர்சேவை. புதூரே தெருவில் நிற்கிறது. மாடி வரை புழுதி. பசை டப்பாவைத் திறக்கவில்லை.

போன் வரவில்லை.

ஏப்ரல் 24, புதன்

ஒட்டியாயிற்று.

துணியை அட்டையின் மேல் விரித்து, பாதியை மடித்துப் போட்டு, நடுவிலிருந்து வெளியே நோக்கி. அட்டைக்கு இரண்டு கோட்டு, பஞ்சுக்கு மெல்லிய ஒரு கோட்டு, ஸ்ப்ரே கன்னைக் குறைந்த காற்றில் வைத்து. பஞ்சு நனையும் அளவு அடித்தால் அது அமுங்கிப் போய் அந்த இடம் தட்டையாகக் காயும். பிறகு காத்திருக்க வேண்டும். விரல் முட்டியை வைத்து எடுத்தால் பிசுபிசுக்கணும், ஆனால் நூல் விடக்கூடாது. இன்று 12 நிமிடம் ஆனது. ஈரக்காற்று வீசும் ஐப்பசியில் இதைச் செய்யக்கூடாது. பசை காயும்போது மேலே பனித்து வெள்ளைப் படலம் விழும், பிடிப்பு வராது.

உள்ளங்கையால் நடுவிலிருந்து தள்ளித் தள்ளி. இழுக்கக்கூடாது. இழுத்து ஒட்டிய துணி பழைய நீளத்துக்குப் போகத்தான் பார்க்கும்.

ஏப்ரல் 25

ஓரம் மடித்தது, 3 செ.மீ. பில்லர் மூடும் இடத்தில் மடிக்காமல் வெட்டிவிட்டேன், மடித்தால் டிரிம் உட்காராது.

ஏப்ரல் 27, சனி

டோம் லைட் பள்ளத்தில் துணி கூடாரம் மாதிரி எழும்பிவிட்டது. அட்டையை ஒரு நாள் வெயிலில் வைத்துப் பார்த்ததால் தெரிந்தது, வண்டியில் மாட்டிய பிறகென்றால் திரும்பக் கழற்றியிருக்க வேண்டும். காரணம் தெளிவு: பள்ளத்தின் இரண்டு கரையையும் முதலில் ஒட்டிவிட்டு நடுவை அமுக்கியது. அடித்தளத்தை முதலில் ஒட்டி, சுவர் ஏறி, கரைக்கு வந்திருக்க வேண்டும். ஹேர் டிரையரால் சூடாக்கி அந்த ஓரம் வரை உரித்து, மறுபடி பசை, மறுபடி 12 நிமிடம், கரண்டியின் முதுகால் மூலையில் தேய்த்து இறக்கினேன். இப்போது நிற்கிறது. நாளையும் வெயிலில் வைக்க வேண்டும்.

ஏப்ரல் 28

நிற்கிறது.

ஏப்ரல் 30, செவ்வாய்

அட்டை உள்ளே போயிற்று. டோம் லைட் ஓட்டையைப் பெருக்கல் குறியாகக் கீறி நாக்குகளைப் பின்னால் மடித்தது. வைசர் ஓட்டைகளுக்குச் சின்னக் கீறல் போதும்.

கைப்பிடிதான் நேரம் எடுத்தது. அதன் கால் துணியின் மேல் உட்கார்ந்தால் பஞ்சு நாளாக ஆக அமுங்கி, இறுக்கிய போல்ட் தளர்ந்துவிடும். காலின் அளவுக்குத் துணியை வெட்டி எடுத்துவிட்டு, அது உள்ளே இருக்கும் தகட்டிலேயே உட்காரும்படி வைக்க வேண்டும். போல்ட்டை முதல் நாலு சுற்று கையால் மட்டும். கோணலாக ஏறினால் தகட்டில் பற்றவைத்த நட்டின் மரை போய்விடும், அப்புறம் அந்த இடத்தில் கைப்பிடியே இல்லை.

மே 2

பசை வாடை. மதியம் கண்ணாடி ஏற்றி வெயிலில் சுடவைத்து, சாயந்திரம் நாலு கதவையும் திறந்து வைக்கிறேன். சூட்டில் எவ்வளவு வெளியே வருகிறதோ அவ்வளவு நல்லது. நேற்றைவிடக் குறைவு. ஆனால் மூக்கு பழகிப்போயிருக்கும். வண்டிப் பக்கமே வராத ஒருவர் வந்து முகர்ந்து பார்க்க வேண்டும். அம்மாவுக்கு இந்த வாடை ஆகவே ஆகாது.

கைப்பிடியில் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. பின் போல்ட் மட்டும் இறுக்கியபோது கால் சுற்று போனது.

மே 3, வெள்ளி

எதிர்வீட்டு அக்கா உட்கார்ந்து பார்த்துவிட்டு, லேசாக இருக்கிறது என்றார்.

பின் போல்ட் இன்று போகவில்லை.

போன். நாளை காலை பத்து மணி. இப்போதே நாலு கதவையும் திறந்து வைத்துவிட்டேன்.