காற்றாடி மலையிலிருந்து வடக்கன்குளம் வரை

புனித தேவசகாயத்தின் தலங்களுக்குப் போகிறவர்கள் வழக்கமாக அவர் பிறந்த நட்டாலத்தில் தொடங்கி, கல்லறை இருக்கும் கோட்டாறில் முடிப்பார்கள். நாங்கள் கோட்டாறிலேயே தொடங்கினோம். காலைப் பூசையை அங்கே பார்த்துவிட்டால் மற்ற இடங்களுக்கு அவசரமில்லாமல் போகலாம் என்பது அக்காவின் கணக்கு. காரில் நான், என் மனைவி, அக்கா, அக்காள் மகள். அவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். அக்கா நேர்ந்துகொண்டது அதற்காகத்தான்.

சவேரியார் பேராலயத்தில் சாதாரண வேலை நாளிலும் கல்லறையைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். ஒரு பையன் பரீட்சை ஹால் டிக்கெட்டைக் கல்லறை மேல் வைத்து எடுத்துக்கொண்டு போனான். ஒரு பாட்டி இரண்டு கையையும் கல்லில் ஊன்றி, யாரிடமோ குடும்ப விஷயம் பேசுவது போலவே பேசிக்கொண்டிருந்தார். 1752 ஜனவரி 14 இரவில் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொன்று எறியப்பட்ட உடல் தேவசகாயத்தினுடையது. சில நாள் கழித்து, மிஞ்சியிருந்த எலும்புகளை எடுத்துவந்து இந்தக் கோயிலில் பலிபீடத்துக்கு முன்னால் அடக்கம் செய்தார்கள். 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளர் பட்டம், 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம். குருவானவரும் இல்லை, துறவியும் இல்லை; மனைவியோடு குடும்பம் நடத்திய ஓர் அரசு அதிகாரி. எங்களைப் போன்றவர்களுக்கு அவர் நெருக்கமாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1712-ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மா ஆண்ட காலத்தில் பத்மநாபபுரம் அரண்மனையில் அதிகாரியாக இருந்தார். வீட்டில் அடுத்தடுத்து நஷ்டம். ஆடு மாடு செத்தது, பயிர் போனது. 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு அதே மன்னரின் படையிலேயே தளபதியான டச்சுப் படை அதிகாரி டி லனாய் அப்போது அவருக்குப் பழக்கம். மனம் உடைந்திருந்தவரிடம் டி லனாய் விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார். அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பம். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்கு பெற்றார். லாசர் என்ற விவிலியப் பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள்.

யோபு என்றாலே பொறுமை என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் இழந்தும் கடவுளைப் பழிக்காதவர் என்பதோடு பிரசங்கம் முடிந்துவிடும். ஆனால் அந்த நூலின் 31-ம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். யோபு தன் வாழ்க்கையைத் தானே கணக்குப் பார்க்கும் இடம் அது. வேலைக்காரன் என்மேல் வழக்குச் சொன்னபோது அதை அசட்டை செய்தேனா? என் சாப்பாட்டை அநாதைக்குக் கொடுக்காமல் நான் மட்டும் தின்றேனா? என்னைத் தாயின் வயிற்றில் உருவாக்கியவர்தானே அவனையும் உருவாக்கினார்? இதுதான் சாரம். துன்பத்தில் பொறுமையாக இருந்தவர் என்பதைவிட, தன்னிடம் வேலை பார்த்தவனையும் தன்னைப் போல ஒரு மனுஷனாக நினைத்தவர் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தேவசகாயம் பிறகு செய்ததும் இதைத்தான். ஞானஸ்நானம் வாங்கியதோடு நிற்காமல், எல்லாச் சாதி ஆட்களோடும் உட்கார்ந்து பழகினார், சாப்பிட்டார். எல்லோரும் சமம் என்று வெளிப்படையாகச் சொன்னார். மேல்சாதியினரின் கோபத்துக்கு இந்தச் சமத்துவப் பேச்சு முக்கியக் காரணம் என்று வத்திக்கான் வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்பே சொல்கிறது. ராஜதுரோகம் வரைக்கும் குற்றம் சாட்டினார்கள். 1749 பிப்ரவரியில் கைது. கடவுளை மாற்றிக்கொண்டது ஒரு குற்றம் என்றால், சாப்பிட உட்காரும் இடத்தை மாற்றிக்கொண்டது அதைவிடப் பெரிய குற்றமாகத் தெரிந்திருக்கிறது.

நட்டாலத்தில் அதிக நேரம் இருக்கவில்லை. அங்கிருந்து திரும்பி வரும்போது புலியூர்க்குறிச்சி. உதயகிரிக் கோட்டை பக்கத்தில்தான், டி லனாயின் கல்லறையும் அந்தக் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. இந்த ஊரில் பார்க்க வேண்டியது முட்டிடிச்சான் பாறை. எருமை மேல் பின்பக்கம் பார்த்தபடி உட்கார வைத்து, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராக அழைத்துப் போனார்களாம். அடித்த புண்ணில் மிளகாய்ப் பொடி தேய்த்தார்களாம். தாகத்தில் நா வறண்டவர், செபித்துவிட்டு முழங்கையால் பாறையில் இடித்தார், தண்ணீர் சுரந்தது என்பது காலங்காலமாக வரும் நம்பிக்கை. பாறையில் சின்னக் குழிதான். ஒருவர் குனிந்து டம்ளரில் மொண்டு மொண்டு ஊற்ற, வரிசையில் நின்றவர்கள் பாட்டிலில் வாங்கிக்கொண்டார்கள். முன்னால் நின்ற அம்மா மூடியைத் திறந்து முதலில் பின்னால் நின்றவருடைய குழந்தைக்குக் குடிக்கக் கொடுத்தார். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை.

கார் மறுபடி கிளம்பியதும் அக்கா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். பெண்ணின் பயோடேட்டா. தாய்மாமன் என்பதால் நான் சரிபார்த்துத் தர வேண்டும்.

“தம்பி, இதுல ஆர்.சி.ன்னு மட்டும் போட்டாப் போதாதாம். சாதியும் உட்பிரிவும் எழுதணும்னு சொல்றாவ. அந்தக் கட்டத்தை நீயே நிரப்பிக் குடு.”

நான் தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். எங்கள் வீடுகளில் இது ஒன்றும் புதிதில்லை. ஒரே நற்கருணையை ஒரே வரிசையில் நின்று வாங்குவோம். கல்யாணம் என்று வந்தால் மட்டும் வரிசை பிரிந்துவிடும். தமிழ்நாட்டில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூட இன்னும் சாதி பார்த்து இடம் ஒதுக்குகிறார்கள். இதைச் சொன்னால், “அது மதம், இது சமுதாயம்” என்று பதில் வரும். எனக்கு இந்தப் பதிலில் நம்பிக்கை இல்லை. விசுவாசம் என்பது ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்றால் தேவசகாயம் அரண்மனை வேலையை விட்டுக்கொடுத்திருக்கவே வேண்டாம். யாருக்கும் தெரியாமல் செபம் சொல்லிக்கொண்டு சௌகரியமாகவே இருந்திருக்கலாம்.

ஆரல்வாய்மொழிக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல காற்று. கணவாய் வழியாக வருகிற காற்று, நின்று பேச விடாது. சுற்றிலும் காற்றாலைகள். காற்றாடி மலையில் அவரைச் சுட்ட இடத்தில் எல்லோரும் ஏறி நின்று பார்க்கிறார்கள். சாவதற்கு முன்னால் அவர் முழங்காலிட்டுச் செபித்ததாகச் சொல்லும் பாறையில் பள்ளங்கள் இருக்கின்றன. தொட்டுத் தொட்டு அந்த இடம் மட்டும் வழுவழு என்று ஆகியிருக்கிறது. என் மனைவி அதில் முழங்கால் வைத்து ஒரு பத்துமணிச் செபமாலை சொன்னாள். சற்றுத் தள்ளி மணியடிச்சான் பாறை. கூழாங்கல்லை எடுத்துத் தட்டினால் கல்லுக்குள்ளிருந்து வெண்கல மணி மாதிரி ‘ணங்’ என்று வருகிறது. பிள்ளைகள் விடாமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் அதட்டவில்லை, நல்லது.

அங்கே நின்றபோது எனக்குள் வந்த எண்ணம் இதுதான். கைதான நாளிலிருந்து சாகும் நாள் வரை கிட்டத்தட்ட மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்தில் எந்த நாளிலும், “சரி, பழையபடி இருந்துகொள்கிறேன்” என்று சொல்லியிருந்தால் போதும், வீட்டுக்குப் போயிருக்கலாம். உயிரைக் கொடுத்தது ஒரு ராத்திரியில் என்றாலும், தீர்மானம் அத்தனை நாளும் காலையில் எழுந்து புதிதாக எடுத்த தீர்மானம். நமக்கு யாரும் துப்பாக்கி நீட்டவில்லை. ஒரு கட்டத்தை நிரப்பாமல் விடுவதுதான் நம்மிடம் கேட்கப்படுகிறது. அதற்கே சொந்தக்காரர்களை நினைத்து இத்தனை பயம்.

மலையை விட்டு இறங்கும்போது அக்காவிடம் சொன்னேன். “அக்கா, புனிதர் பட்டம் குடுத்தப்ப ரோமிலேயே அவர் பேர்ல இருந்த பிள்ளைங்கிற சாதிப் பேரை எடுத்துட்டாங்க. லாசர் எனப்படும் தேவசகாயம், அவ்வளவுதான். அவர்ட்ட வேண்டிக்கிட்டு வந்து நாம அந்தக் கட்டத்துல என்னத்த எழுத?”

அக்கா பதில் சொல்லவில்லை. காவல்கிணறு தாண்டும் வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

வடக்கன்குளத்துக்குப் பெரும்பாலான யாத்ரீகர்கள் அவர் திருமுழுக்கு பெற்ற ஊர் என்பதற்காக வருகிறார்கள். அவருடைய மனைவி ஞானப்பூ, கணவர் இறந்த பிறகு வாழ்ந்து அடக்கமானதும் இங்கேதான். எனக்கு இந்த ஊரில் பார்க்க வேண்டியது இன்னொன்றும் இருந்தது. 1872-ல் இங்கே கட்டிய திருக்குடும்பக் கோயிலுக்குக் கால்சட்டை மாதிரி இரண்டு நீளமான கூடங்கள். இரண்டும் ஒரே பலிபீடத்தில் வந்து சேரும். நடுவில் சுவர். வெள்ளாளரும் நாடாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே பூசையைக் காண்பதற்காக அப்படிக் கட்டினார்கள். எந்த ஊரில்? சாதி பார்க்காமல் சாப்பிட்ட ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில். அவர் ரத்தம் சிந்தி நூற்றிருபது வருஷம் கழித்து.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். ஆனால் கதை அதோடு முடியவில்லை. பங்குத்தந்தை கௌசானல் அடிகளார் 1910-ல் அந்தச் சுவரை இடித்தார். எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள். மெட்ராஸ் உயர் நீதிமன்றம் வரை போயும் சுவரைத் திரும்பக் கட்ட முடியவில்லை. பவுல் அந்தியோக்கியாவில் பேதுருவையே முகத்துக்கு நேரே கண்டித்தார், ஞாபகம் இருக்கிறதா? பிற இனத்தாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யூத ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியை விட்டு விலகினார் என்பதற்காக. திருச்சபையின் முதல் சண்டைகளில் ஒன்றே, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதுதான். அந்தச் சண்டை எங்கள் ஊர்ப் பக்கம் 1910 வரை வந்தது. எங்கள் வீட்டுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது.

கோயிலில் இருந்த உபதேசியாரிடம் கேட்டோம். தரையில் கையைக் காட்டி, “சுவர் இப்படித்தான் பீடத்தைப் பார்க்க ஓடிச்சாம், பெரியவங்க சொல்லுவாங்க” என்றார். அக்கா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

“இடிச்சப்போ ஊரே ரெண்டுபட்டிருக்குமே ஐயா?”

“பட்டுச்சும்மா. பிறகு சேந்துதானே பூசை பாக்கோம்.”

வெளியே வந்து வேப்பமர நிழலில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டுவந்த புளியோதரையைப் பிரித்தோம். அக்கா மகளைப் பார்த்து, “நீ என்னட்டி சொல்லுத? ஒண்ணுமே பேசாம வாற” என்றாள்.

“குடிக்காதவனா, செபம் சொல்றவனா, என்னை வேலைக்குப் போக விடுறவனா இருந்தாப் போதும்மா. அந்தக் கட்டத்துல மாமா எழுதுறதுக்கு ஒண்ணும் இல்ல.”

இத்தனை தெளிவாக அவள் சொல்வாள் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. அக்கா தாளை என்னிடமிருந்து வாங்கி, அந்தக் கட்டத்தில் ‘சாதி தடையில்லை’ என்று தானே எழுதினாள். எழுதிவிட்டு, “ஒங்க அத்தான் இதுக்குச் சம்மதிக்கணுமே. அவுகளுக்கு நீதான் சொல்லணும்” என்றாள்.

சொல்லத்தான் வேண்டும். அத்தான் நல்ல மனுஷன், ஆனால் பங்காளிகளுக்குப் பயந்தவர். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகிறேன். வடக்கன்குளத்துச் சுவர்க் கதையை அவரிடம் எடுத்தால் விவாதம் வளரும். தினமும் விவிலியம் வாசிக்கிறவர் என்பதால் யோபு 31-ஐ அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.