இராகலைக்குப் போன சின்னக் கோச்சி

இலங்கை மலையகத்தில் பதுளை ரயிலில் வந்து நானுஓயாவில் இறங்குகிறவர்கள் இப்போது நுவரெலியாவுக்கு பஸ்ஸோ வேனோ பிடிக்கிறார்கள். ஒரு காலத்தில் அங்கிருந்தே இன்னொரு சின்னக் கோச்சி, அதாவது ரயில், கிளம்பியது. 1903இல் நுவரெலியா வரை, மறு ஆண்டு கந்தப்பளை தாண்டி இராகலை வரை, மொத்தம் 19 மைல். பெயர் உடப்புசல்லாவைப் பாதை; உடப்புசல்லாவையை அது எட்டியதே இல்லை!

பெரிய பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே ஐந்தரை அடி, இதில் இரண்டரை அடிதான். அகலம் குறைந்தால் கொண்டை ஊசி மாதிரியான வளைவிலும் வண்டி திரும்பும், மலையை அதிகம் வெட்ட வேண்டியதில்லை. அப்படி மிச்சம் பிடித்த காசு நானுஓயாவில் கரைந்தது. ஸ்டோரிலிருந்து, அதாவது தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து, மாட்டுவண்டியில் வந்த தேயிலைப் பெட்டியை இராகலையில் சின்ன வண்டிக்கு ஏற்ற வேண்டும்; நானுஓயாவில் அதை இறக்கிக் கொழும்பு வண்டிக்கு மாற்ற வேண்டும். கீழேயிருந்து வரும் அரிசிக்கும் பசளைக்கும் இதே பாடுதான். லொறி வந்ததும் ஸ்டோர் வாசலில் ஏற்றியதை நானுஓயாவில் ஒரே தடவையாகக் கைமாற்ற முடிந்தது. பயணிகளை பஸ் எடுத்துக்கொண்டது. 1940இல் பயணிகள் சேவை நின்றது, நாற்பதுகள் முடிவதற்குள் பாதையே இல்லை. பழியை பஸ்மீது மட்டும் போடுவது பாதி நியாயம்தான். இரண்டு அகலம் என்ற சுமையை இந்தப் பாதை பிறக்கும்போதே சுமந்து வந்தது.

இன்று இலங்கையில் மிக உயரமான ரயில் இடம் பட்டிப்பொளை அருகே, 6,226 அடி. கந்தப்பளை நிலையம் அதைவிட உயரத்தில், ஏறத்தாழ 6,300 அடியில் இருந்தது.

பாதையைத் தேடிப் போகிறவர்கள் நுவரெலியாவில் இராகலை பஸ் ஏறி, கந்தப்பளையில் இறங்குவது நல்லது. எந்தத் தோட்டத்து றோட்டைப் பார்த்தாலும் பழைய ரயில் பாதை என்று நம்பிவிடுவதுதான் பலருக்கும் நேர்வது. றோட்டு திடீரென்று செங்குத்தாக ஏறும், சட்டென்று இறங்கும். ரயில் தடம் அப்படிச் செய்யாது. ஒரே சீரான சரிவில், ஒரு பக்கம் மலையை வெட்டியும் மறுபக்கம் மண் நிரப்பியும் போகும். ஓடை குறுக்கிடும் இடத்தில் ஒற்றை வண்டி அகலத்துக்குக் கல்மதகு தென்பட்டால் நின்று பாருங்கள். தடம் திடீரென்று அறுந்தால், அதே மட்டத்தில் எதிர்ச்சரிவில் தேடுங்கள். நடுவில் லீக்ஸ், கரட் பாத்தியோ தேயிலையோ இருக்கலாம். பாத்தியை மிதிக்காமல் சுற்றிப் போங்கள்.

காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குப் பின் பனிமூட்டம் இறங்கினால் எதிர்ச்சரிவு தெரியாது. மழைக்காலத்தில் அட்டைக் கடிக்கு உப்பும் நீளக் காலுறையும் வேண்டும். தோட்டத்துக்குள் நுழையுமுன் ஆபிஸில் கேளுங்கள். மருந்தடிக்கும் நாளில் அந்தத் தேயிலை மலைக்குள் விடமாட்டார்கள், விட்டாலும் போகாதீர்கள்.