டக்குனு ஊதுங்க, விடாதீங்க

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு நுரையீரல் கிளினிக்கில் ஸ்பைரோமெட்ரி, அதாவது மெஷினில் ஊத வைத்து நுரையீரலின் வேலையை அளக்கும் டெஸ்ட், எடுப்பது என் வேலை. எக்ஸ்ரே என்றால் ஆள் அசையாமல் நின்றால் போதும். ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டினால் போதும். இது அப்படியில்லை. ஊத வேண்டியவர் அவர், ஊத வைக்க வேண்டியவள் நான். இரண்டு பேரில் ஒருத்தர் சோர்ந்தாலும் ரிப்போர்ட் தப்பாகிவிடும்.

காலையில் வந்ததும் மூன்று லிட்டர் சிரிஞ்சை வைத்து மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பேன். அப்புறம் நாள் முழுக்க ஒரே பல்லவிதான்: "நல்லா இழுங்க, இன்னும் இழுங்க, இப்ப டக்குனு ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க!" மூச்சை முழுசாக இழுத்து, ஒரே மூச்சில் வேகமாக வெளியே தள்ளி, காற்று தீரும்வரை நிறுத்தாமல் ஊத வேண்டும். மொத்தம் எவ்வளவு காற்று வந்தது, அதில் முதல் ஒரு விநாடியில் எவ்வளவு வந்தது என்பதுதான் கணக்கு. மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் முதல் விநாடிக் காற்று குறையும். ஒழுங்கான மூன்று ஊதலாவது வேண்டும், அதில் சிறந்த இரண்டும் 150 மில்லிக்குள் ஒத்துப்போக வேண்டும்.

இறுக்கமான உடை கூடாது என்று பாடத்தில் ஒரு வரி வரும். நம்மூரில் அதற்குப் பாவாடை நாடா என்று பெயர். நாடாவைக் கொஞ்சம் தளர்த்திக்கச் சொன்னால் வெட்கப்படுவார்கள். தளர்த்திவிட்டு ஊதினால் மெஷின் வரையும் கோடு தானாக ஏறும்.

ஒரு நாதஸ்வர வித்வான் வந்திருந்தார். நெஞ்சு பலம் உள்ளவர், சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவரோ மூச்சைச் சேமித்துச் சேமித்துக் கொடுக்கிறார், காலமெல்லாம் பழகிய வித்தை. "ஐயா, வாசிக்காதீங்க, மொத்தமா கொட்டிடுங்க" என்று சொன்ன பிறகுதான் சரியாக வந்தது.

முதல் சுற்று முடிந்ததும் மூச்சுக்குழாயைத் திறக்கும் சால்பியூட்டமால் மருந்து நாலு பஃப், அதாவது 400 மைக்ரோகிராம், ஸ்பேசர் என்ற குடுவை வழியாகக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி ஊத வைப்போம். பெரியவர்களுக்கு முதல் விநாடிக் காற்று 12 சதவீதமும் கூடவே 200 மில்லியும் ஏறினால், டாக்டரின் கண் ஆஸ்துமா பக்கம் போகும். ஆனால் பண்ருட்டியில் பஸ் ஏறும்போதே, வழியில் வீசிங் வந்துவிடுமோ என்று பயந்து இதே மருந்துள்ள பம்பை ரெண்டு முறை அடித்துவிட்டு வருவார்கள். குழாய் ஏற்கெனவே திறந்திருக்கும், இனி என்ன ஏறும்? அதனால் போனிலேயே சொல்லிவிடுவேன்: "டெஸ்ட்டுக்கு முன்னாடி நாலு மணி நேரமாவது பம்ப் அடிக்காம இருங்க. முடியலைன்னா அடிச்சுக்குங்க, டெஸ்ட்டை இன்னொரு நாள் வெச்சுக்கலாம்."

அடிக்காமல் வந்தாலும் சிக்கல் தீராது. ஆஸ்துமா வந்து வந்து போகும். மார்கழிப் பனியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே விடிய வைத்தவர், காலை பதினொரு மணிக்கு என் முன்னால் அழகாக ஊதுவார். ஒரு பேக்கரி மாஸ்டர் அப்படித்தான் வந்தார். மூச்சு வாங்குகிறது என்கிறார், கோடோ நன்றாக இருக்கிறது. டாக்டர் மெஷினை விட்டுவிட்டு அவரைப் பேச விட்டார். ஆடித் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது மட்டும் இருமலே இல்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். உடனே டாக்டர், ஊதும் வேகத்தை அளக்கும் சின்னக் கருவியான பீக் ஃப்ளோ மீட்டரைக் கையில் கொடுத்து, வேலை நாளிலும் லீவிலும் தினம் நாலு வேளை ஊதி எழுதி வரச் சொன்னார். வேலை நாளில் எண்கள் சரிந்தன, லீவில் ஏறின. மைதா மாவுத் தூசிதான் காரணம். மாவிலிருந்து முழுக்க விலகுவதுதான் மருந்தைவிட முக்கியம், ஆனால் முப்பது வருஷத் தொழிலை விடச் சொல்வது நமக்குச் சுலபம். மாவு பிசையும் இடத்தை விட்டுவிட்டு இப்போது கல்லாவில் உட்காருகிறார். இன்ஹேலரும் தொடர்கிறது.

சிப்காட் பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்பார்கள்: "இது கம்பெனி வாடையாலயாம்மா?" அடைப்பு இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று என் மெஷின் சொல்லும். யாரால் என்று அது சொல்லாது.

இன்ஹேலரைக் கையோடு கொண்டுவரச் சொல்வேன், எப்படி எடுக்கிறார்கள் என்று பார்க்கத்தான். உள்ளிழுக்கும் பவுடர் கேப்சூலை இன்ஹேலரில் போடாமல் தண்ணீர் ஊற்றி விழுங்கியவர்கள் உண்டு. பம்பை வாய்க்குள் அடித்துவிட்டு மூக்கால் மூச்சு விடுகிறவர்கள் உண்டு. பம்ப் என்றால் மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். பவுடர் கேப்சூல் என்றால் வேகமாக இழுக்க வேண்டும். இரண்டுக்கும் பிறகு பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தால் வாய் கொப்பளிக்க வேண்டும். இதைச் சரிசெய்யாமல் டோஸைக் கூட்டுவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

ஸ்டீராய்டு என்றதும் முகம் மாறும். "பழகிடும்ல?" என்பார்கள். அதே ஆட்கள்தான் மூச்சு முட்டும்போதெல்லாம் ஐந்து நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். தினம் 40 மில்லிகிராம் ப்ரெட்னிசலோன் என்றால் ஐந்து நாளில் 200 மில்லிகிராம். இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டான பியூடெசனைடைத் தினம் 400 மைக்ரோகிராம் இழுத்தால் ஒரு வருஷத்துக்கே 146 மில்லிகிராம்தான். வேறு வேறு மருந்து, நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டினால் சிலர் யோசிக்கிறார்கள். வெறும் சால்பியூட்டமாலை மட்டும் வைத்து ஆஸ்துமாவை ஓட்டக் கூடாது என்று உலக அளவிலான 'கினா' வழிகாட்டுதலே 2019 முதல் சொல்கிறது. மெடிக்கலில் கேட்டு வாங்கிப் பழகியவர்களிடம் அது இன்னும் வந்து சேரவில்லை.

எனக்கு எரிச்சல் தருவது, கம்ப்யூட்டர் அச்சடித்துத் தரும் 'நார்மல்'. அதை லேமினேட் போட்டு வைத்துக்கொண்டு மருந்தை நிறுத்துகிறார்கள். அதனால் டாக்டரிடம் கேட்டு, ரிப்போர்ட்டுக்கு அடியில் பேனாவால் ஒரு வரி எழுதுகிறேன்: மூச்சு நன்றாக இருந்த நாளில் எடுத்தது, கடைசி மருந்து இத்தனை மணிக்கு. படித்துவிட்டு ஒரு தாத்தா கேட்டார், "அப்போ இதுக்கு எதுக்கும்மா காசு?" நியாயமான கேள்விதான். "அடுத்த தடவை முடியாம வருவீங்க இல்ல, அப்ப எவ்ளோ குறைஞ்சிருக்குன்னு பார்க்க இது வேணும் தாத்தா, பத்திரமா வெச்சிருங்க" என்றேன். "வருவேன்னே முடிவு பண்ணிட்டியா?" என்று கேட்டுவிட்டு, பைக்குள் வைத்துக்கொண்டார்.